ஆறு வாரம், கேசோன் சிட்டி

ஜனவரி 17, 2019, வியாழன்

நேற்று இரவு சென்னையில் விமானம் ஏறியவள் இன்று பிற்பகல் மணிலா வந்து சேர்ந்தேன். ஊழியக்காரர் பயிற்சி மையத்தின் வாசலில் நின்றால் சாலைக்கு எதிர்ப்புறம் ஆலயத்தின் ஆறு கோபுரங்களும் தெரிகின்றன. இந்தியாவில் எங்கள் சபைக்கு, மார்மன் சபை என்று பலர் சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்கு, இதுவரை ஓர் ஆலயம்கூட இல்லை. பெங்களூரில் ஒன்று எழும்பும் என்று சென்ற ஏப்ரலில் சபைத் தலைவர் நெல்சன் அறிவித்தபோது எங்கள் கிளைச் சபையில் அழாதவர் இல்லை. அப்படிப் படத்தில் மட்டும் பார்த்து வளர்த்துக்கொண்ட ஆசை எதிர்ச் சாலையில் வெயில் பட்டு நிற்கும்போதும் என் மனம் அப்பாவின் அம்பத்தூர்ப் பட்டறையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. மாட்டுப்பொங்கலன்று பட்டறை திறப்பதில்லை.

ஜனவரி 18, வெள்ளி

கறுப்புப் பெயர்வில்லை கொடுத்தார்கள். என் பெயருக்குக் கீழே சபையின் பெயர் தகாலோக் மொழியில் இருக்கிறது. அதில் வரும் ‘ஹுலிங் அராவ்’ என்றால் கடைசி நாட்களாம். ‘அராவ்’ என்ற ஒரே சொல் சூரியனுக்கும் நாளுக்கும் பொது என்று ஆசிரியை சொன்னபோது எனக்கு நம் ‘ஞாயிறு’ நினைவுக்கு வந்தது.

என் கூட்டாளி யூட்டாவிலிருந்து வந்திருக்கிறாள், வயது பத்தொன்பது. குளியலறை நேரம் தவிர இனி ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக் கூடாது. காலை 6.30க்கு எழ வேண்டும், இரவு 10.30க்கு விளக்கை அணைக்க வேண்டும். ஆறு வாரம் இங்கே படித்தபின் கவீத்தே ஊழியப் பகுதிக்கு அனுப்புவார்கள். சகோதரிகளுக்கு, அதாவது பெண் ஊழியக்காரர்களுக்கு, ஊழியம் மொத்தம் பதினெட்டு மாதம். இந்தக் குறிப்பை நான் தமிழில் எழுதுவதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுத்துகள் வட்ட வட்டமாக அழகாக இருக்கின்றன என்றாள்.

ஜனவரி 20, ஞாயிறு

திருவிருந்துக் கூட்டத்தில் பாட்டின் மெட்டு தெரிந்தது, சொல் தெரியவில்லை. மெட்டைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை பாடினேன்.

ஜனவரி 22, செவ்வாய்

எங்கள் குழுவுக்குச் செவ்வாய்தான் ஆயத்த நாள். துணி துவைக்கலாம், அறையைத் துப்புரவு செய்யலாம், வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதலாம். தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம்.

தம்பி எழுதியிருக்கிறான். “அம்மா நல்லா இருக்காங்க. நீ சாப்பிட்டியான்னு கேக்கச் சொன்னாங்க. தண்ணி லாரி ரெண்டு நாளா வரல.” அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு எழுதியிருந்த வரியை அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன்.

ஜனவரி 24, வியாழன்

இன்று வகுப்பில் நடந்ததை விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

தகாலோக்கில் ‘நாங்கள்’ என்பதற்குக் ‘கமி’ என்றும் ‘நாம்’ என்பதற்குத் ‘தாயோ’ என்றும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆசிரியை இதைக் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கினார். கேட்பவர் வட்டத்துக்கு உள்ளே இருந்தால் ‘தாயோ’, வெளியே இருந்தால் ‘கமி’. என் கூட்டாளியும் மற்ற அமெரிக்கப் பிள்ளைகளும் அரைமணி நேரம் திணறினார்கள். அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. இரண்டு வயதில் கற்றுக்கொண்டதை மறுபடி ஒருவர் சொல்லித்தரக் கேட்டதுபோல இருந்தது. ஆசிரியை என்னை எழுப்பி, “உன் மொழியில் எப்படி?” என்றார். சொன்னேன். அவர் இரண்டு சொற்களையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

பிறகு ஜெபத்துக்கு வந்தார். கடவுளை விளித்துப் பேசும்போது எப்போதும் ‘அமா நமின்’, எங்கள் பிதாவே, என்றுதான் சொல்ல வேண்டும். ‘அமா நாதின்’ என்று சொன்னால் கடவுளையும் பிள்ளைகளில் ஒருவராகச் சேர்த்து அவருக்கே ஒரு தகப்பனைக் கற்பித்ததாகிவிடும். தமிழிலும் அப்படித்தானே, பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்கிறோம், ‘நம்’ என்பதில்லை. நூறு முறை சொல்லியும் நான் அதை யோசித்ததே கிடையாது.

இதோடு நின்றிருந்தால் நல்ல பாடமாகப் போயிருக்கும். ஆனால் இரவு படுக்கையில் எனக்கு அந்த ஒரு வாக்கியம் திரும்பக் கேட்டது. காபி குடிப்பதை நான் நிறுத்தி மூன்று வாரம் ஆனபிறகு, டபராவை என் பக்கம் தள்ளிவிட்டு அப்பா சொன்னார்: “எங்க வீட்டுல இதெல்லாம் கிடையாது.”

எங்க வீட்டுல. அதுவரை என்னிடம் பேசும்போது அந்த மனிதர் வாயில் ‘நம்ம வீடு’ என்பதைத் தவிர வேறு வந்ததில்லை.

ஜனவரி 26, சனி

இன்று யாரிடமும் தமிழ் பேசவில்லை. நேற்றும் இல்லை.

ஜனவரி 29, செவ்வாய்

காலையில் ஆலயத்துக்குப் போனேன், முதல் முறையாக. அங்கே நடப்பதை வெளியில் எழுதுவதில்லை. எழுதவும் எனக்கு மனம் இல்லை. முடிந்து வெளியே வந்ததும் மரிக்கினா பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடந்தது, வெள்ளை உடையின் சுருக்கம் இன்னும் என் கையில் பதிந்திருந்தது. இந்தக் கட்டடம் 1984இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது, லேத்தில் வேலை பழகிக்கொண்டிருந்திருப்பார்.

குடும்பம் என்றென்றைக்கும் கூடி இருக்கலாம் என்ற போதனைதான் என்னை இந்தச் சபைக்குள் இழுத்தது. ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே நான் நம்பியது அது ஒன்றைத்தான். அந்த நம்பிக்கையால்தான் இப்போது வீட்டில் ஒருவர் என்னோடு பேசாமல் இருக்கிறார். அதை ஆண்டவரிடமே சொன்னேன், கணக்குக் கேட்பதுபோல இல்லாமல்.

பிப்ரவரி 1, வெள்ளி

சாப்பாட்டுக் கூடத்தில் மாங்காய் வைத்திருந்தார்கள். இங்கே அதற்கு ‘மங்கா’ என்று பெயர். நம் ‘மாங்காய்’தான் மலாய் வழியாக இங்கு வந்து ‘மங்கா’ ஆயிற்று என்று கூட்டாளியிடம் சொன்னேன். புட்டோ என்ற அரிசிப் பண்டமும் இருந்தது. வெள்ளையாக, மெத்தென்று, ஆவியில் வெந்த வாசனையோடு. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து தின்றேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

உபவாச ஞாயிறு. இரண்டு வேளை உண்ணாமல் அப்பாவுக்காக ஜெபித்தேன். சாட்சி சொல்ல எழுந்தபோது தகாலோக்கில் நான்கு வாக்கியம் சொல்ல முடிந்தது.

பிப்ரவரி 5, செவ்வாய்

தம்பி எழுதவில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

பயிற்சிக்காக நடத்தும் போதனையில் இன்று நான் தவறினேன்.

ஆசிரியர்களில் ஒருவர் தச்சராக நடிப்பார், நாங்கள் அவர் வீட்டுக்கு வந்ததாக வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேச வேண்டும். வாசலில் ‘மானோ’ செய்தோம்: பெரியவரின் கையைப் பிடித்து அதன் புறத்தை நம் நெற்றியில் வைக்கும் வழக்கம். அந்தக் கை நெற்றியில் பட்டவுடனேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஊரிலிருந்து கிளம்பும்போது பெரியவர்கள் காலில் விழுந்துவிட்டுத்தான் புறப்படுவோம்; நான் அம்மா காலிலும் பாட்டி காலிலும் விழுந்தேன். பட்டறை பூட்டிக் கிடந்த நாளில் அப்பா பட்டறைக்குப் போயிருந்தார்.

கூட்டாளி ஆரம்பித்து நான் தொடர வேண்டிய இடம் வந்தது. ‘கடவுள் நம்மை நேசிக்கிறார்’ என்று சொல்ல வேண்டும், ‘மஹால் தாயோ நாங் தியோஸ்’. ‘மஹால்’ என்றால் அன்பு, அதே சொல்லுக்கு விலை அதிகம் என்றும் பொருள் உண்டு. நான் ‘மஹால் கமி’ என்றேன். கடவுள் எங்களை நேசிக்கிறார் என்று ஒரு மனிதரின் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, அவரை வெளியே நிறுத்தி அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. தச்சர் வேடத்தில் இருந்தவர் மூன்றாவது முறை மெதுவாக, “என்னை நேசிக்கவில்லையா?” என்று கேட்டார்.

அமெரிக்கப் பிள்ளைகள் செய்யக்கூடிய பிழையை, பாலோடு அந்த வேறுபாட்டைக் குடித்து வளர்ந்த நான் செய்தேன். இது நாக்குப் பிசகியதால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பத்து நிமிடமாக நான் தச்சரை மறந்துவிட்டு, எங்கள் சபை, எங்கள் நம்பிக்கை, எங்கள் ஆலயம் என்றே உள்ளுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டில் இந்த ஒன்றரை ஆண்டும் எப்படிப் பேசினேன் என்று நினைத்துப் பார்த்தேன். “எங்க சபையில காபி குடிக்க மாட்டோம்பா” என்று சொன்னது நான். டபரா நகர்ந்தது அதற்குப் பிறகுதான். வரிசையை இத்தனை நாளும் நான் மாற்றி நினைவில் வைத்திருந்தேன்.

கூட்டாளி ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 11, திங்கள்

ரிச்சர்ட் பாலன்டைனை நினைத்துக்கொண்டேன். சால்ட் லேக்கில் 1849இல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். மூன்று ஆண்டு கழித்து மனைவி மக்களை விட்டுவிட்டுப் புறப்பட்டு, கப்பலில் கல்கத்தா வந்து, அங்கிருந்து 1853இல் சென்னைக்கு வந்தார். ஏறக்குறைய ஓர் ஆண்டு அங்கே உழைத்தும் மிகச் சிலரே அவர் சொல்லை ஏற்றார்கள். என் ஊர்த் தெருக்களில் நடந்தவர் என்பதால் அவர் எனக்கு நெருங்கிய உறவினர் மாதிரி. வீட்டிலிருந்து ஒரு கடிதம் வர அவர் எத்தனை மாதம் காத்திருந்திருப்பார்! எனக்கு வாரம் ஒரு முறை மின்னஞ்சல் வருகிறது. ஆனால் அவருக்குக் கடிதம் எழுதியவர்கள் அவரோடு பேச விரும்பியவர்கள்.

பிப்ரவரி 12, செவ்வாய்

தம்பி: “எல்லாரும் நல்லா இருக்கோம். போர்ல தண்ணி ரொம்பக் கீழ போயிடுச்சு. பாட்டி உன் போட்டோவ ஃபிரேம் போடச் சொல்றாங்க.”

அன்னையர் தினம் மே 12. இன்னும் 89 நாள் இருக்கிறது. அதற்குள் அப்பா மனம் மாறக்கூடும், மாறாமலும் போகலாம். 89 நாளைக்கு எனக்கு அது தெரிய வேண்டியதில்லை.

பிப்ரவரி 16, சனி

காலைக் கூட்டத்தில் அறிவித்தார்கள். தலைமைச் சபை நேற்றுத் தேதியிட்டு ஆணை வெளியிட்டிருக்கிறது: உலகமெங்கும் உள்ள ஊழியக்காரர்கள் இனி ஒவ்வொரு வாரமும் ஆயத்த நாளில் குடும்பத்தாரோடு தொலைபேசியிலோ வீடியோவிலோ பேசலாம். உடனே நடைமுறைக்கு வருகிறது. கூடம் முழுவதும் ஆரவாரம் எழுந்தது. என் கூட்டாளி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பின்வரிசையில் மங்கோலியாவிலிருந்து வந்த ஓர் எல்டர் (ஆண் ஊழியக்காரர்) முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். நானும் கை தட்டினேன்.

செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

பிப்ரவரி 17, ஞாயிறு

உண்மையை எழுதிவிடுகிறேன். பேசக் கூடாது என்ற விதி இருந்தவரை அப்பா என்னோடு பேசாததற்குக் காரணம் அந்த விதிதான் என்று நான் வைத்துக்கொள்ள முடிந்தது. யாருடைய தந்தையும் அவர்களோடு பேசவில்லை. நூறு பேரில் நானும் ஒருத்தி. இனி அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை எல்லார் வீட்டிலும் தொலைபேசி ஒலிக்கும், எல்லாரும் தத்தம் தந்தையோடு பேசுவார்கள். என் வீட்டில் அவர் எழுந்து திண்ணைக்குப் போனால் அது என் கண்முன்னால் நடக்கும்.

எங்களுக்கு ஒதுக்கியிருக்கும் நேரம் பிற்பகல் 2 மணி. சென்னையில் 11.30. அப்பா பட்டறையில் இருப்பார். அது தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் இரவு முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

பிப்ரவரி 19, செவ்வாய்

பேசினேன்.

தம்பி டேப்லெட் திரையில் தெரிந்தான், அம்மா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நான் இளைத்துவிட்டதாக முதலில் சொல்லிவிட்டு, இல்லை உப்பியிருக்கிறாய் என்று அவளே மாற்றிக்கொண்டாள். பாட்டி என் பெயர்வில்லையைக் காட்டச் சொல்லி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு முறை கேட்டாள். பின்னால் சுவரில் என் போட்டோ மாட்டியிருந்தது. கண்ணாடி போட்ட ஃபிரேம்.

“அப்பா இன்னைக்கு வேலைக்குப் போகல” என்றாள் அம்மா. ஏன் என்று சொல்லவில்லை. தம்பி டேப்பைத் திருப்பினான். அப்பா சன்னலோரம் நாற்காலியில், சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருக்கும் நாளில் அவர் சட்டை போடுவதில்லை.

“சாப்பிட்டீங்களாப்பா?” என்றேன்.

“ம்.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் டேப்பின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கூட்டாளி பக்கத்து நாற்காலியில் தன் அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “நம்ம தெருவுல போர் எல்லாம் வத்திடுச்சு. லாரிதான். அதுவும் வாரத்துக்கு ரெண்டு தடவ.”

“அப்படியாப்பா” என்றேன்.

“அங்க தண்ணி வருதா?”

“வருதுப்பா.”

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

நம்ம தெரு என்றார். வீடு என்று சொல்லவில்லை, தெரு என்றுதான் சொன்னார். மாலை வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

பிப்ரவரி 20, புதன்

நாளை வினைச்சொல் தேர்வு. அடுத்த செவ்வாய் மறக்காமல் கேட்க வேண்டும், லாரி எந்தக் கிழமைகளில் வருகிறது, குடத்தை யார் தூக்குகிறார்கள் என்று. அம்மாவிடம் கேட்கக் கூடாது, அவரிடமே