ஓடைக்கு அந்தப் பக்கம்

ஏப்ரல் 19
மார்க் ட்வெயின் தேசியக் காடு, மிசோரி. காட்டு வான்கோழி வேட்டைக்கு இன்னும் இரண்டு நாள். இருட்டும் நேரத்தில் ஆந்தை மாதிரி ஒருமுறை கூவினேன். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஓக் மரத்திலிருந்து உடனே ஒரு வான்கோழிச் சேவலின் 'கொளகொள'. அது ஆசையில் கத்துவதில்லை, திடுக்கிட்டுக் கத்துவது. எங்கே அடைகிறான் என்று தெரிந்துவிட்டது. பெட்டைக் குரலை இப்போதே காட்டிக் கெடுக்க வேண்டாம்.

ஏப்ரல் 20
பெட்டைக் குரல் எழுப்பும் கருவிகளைத் தயார் செய்தேன்: உரசும் மரப்பெட்டிக்குச் சாக்பீஸ், குச்சியால் தேய்க்கும் ஸ்லேட்டுக்கு உப்புத்தாள். மழை வருமாம். நனைந்தால் இரண்டும் ஊமை. ஈரத்துக்கு அஞ்சாதது வாயில் வைக்கும் டயாஃப்ரம்தான். எனக்கோ அதை வைத்தாலே குமட்டுகிறது.

ஏப்ரல் 21
சீசன் தொடங்கியது. விடியுமுன் மெல்லிய யெல்ப் (பெட்டையின் கூப்பிடு குரல்), தூக்கம் கலையாத பெட்டை மாதிரி. பதில் சொன்னான். இறங்கினான். நிஜப் பெட்டைகளோடு மறுபக்கம் போய்விட்டான். சேவல் கத்தும், பெட்டை தேடிப் போகும், அதுதான் அவர்கள் வழக்கம். நான் மட்டும் அவனை நடந்து வரச் சொல்கிறேன். எதற்கு வருவான்?

ஏப்ரல் 22
மழை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரவில்லை.

ஏப்ரல் 24
பக்கத்து வீட்டுப் பெரியவர், 1960இல் இங்கே மறுபடி வேட்டை திறந்ததைப் பார்த்தவர், "அவனை விடு, அவளிடம் பேசு" என்றார். பேசினேன். கூட்டத்தை நடத்தும் பெட்டை ஒரு யெல்ப் போட்டால், அது முடியுமுன் அதையே திருப்பிப் போட்டேன். வேகத்தைக் கூட்டினாள், நானும் கூட்டினேன். பிறகு வெடுக்வெடுக்கென்று கட்டிங், அதட்டல் குரல். தெருக்குழாயடிச் சண்டைதான்! இருபது அடியில் வந்து நின்று திட்டினாள். தாடி (மார்பில் தொங்கும் மயிர்க்கற்றை) இல்லாதவளைச் சட்டப்படி சுட முடியாது, அது அவளுக்குத் தெரிந்த மாதிரியே நடந்தாள். பின்னால் அவன், வாலை விரித்தபடி, நாற்பது கெஜத்துக்கு அப்பால். இன்னும் கொஞ்சம் வந்திருந்தால்... சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. 'புட்!' என்று எச்சரித்தாள். அவ்வளவுதான், எல்லாரும் காலி.

பேங்க் மெசேஜ்.

ஏப்ரல் 25
மேட்டில் ஒரு பெட்டைக் குரல், தாளம் பிசகாமல். நிஜப் பெட்டை இவ்வளவு சுத்தமாகப் பாடாது, ஆள்தான். குரலை நோக்கி ஊர்ந்து போகிறவன் சுடப்படலாம். நகராமல் "ஹலோ" என்று உரக்கச் சொன்னேன். கையை ஆட்டக் கூடாது. சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் இருக்கவே கூடாது, சேவல் தலையின் நிறங்கள் அவை.

ஏப்ரல் 27
ஃபோன் செய்தேன். லைனில் பாட்டுத்தான் ஓடியது.

ஏப்ரல் 29
காலை பத்தைத் தாண்டினால் பெட்டைகள் முட்டையிடப் போய்விடும். அப்போதுதான் அவன் தனியாள். ஸ்லேட்டில் ஒரே ஒரு பர், நிம்மதியாக மேயும் பெட்டையின் முணுமுணுப்பு. கையால் சருகைக் கிளறினேன், இரை பொறுக்கும் சத்தம். அப்புறம் எதுவும் செய்யாமல் இருப்பது! விரல் பரபரக்கிறது. கூப்பிடக் கூப்பிட அவன் நின்ற இடத்திலேயே நின்று, நீ வா என்பான். சத்தம் நின்றால்தான் தேடுவான். ஒருமுறை கத்தினான், ஓடைக்கு இந்தப் பக்கம். மதியம் ஒன்றோடு பொதுக்காட்டில் வேட்டை நேரம் முடிந்தது.

ஏப்ரல் 30
நாளை நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். போனில் சொல்ல மாட்டார்களாம். பத்தரைக்கு. பெரியவரிடம் ஸ்லேட்டைக் கொடுத்து, ஓடைக்கு இந்தப் பக்கமே உட்காருங்கள், ஒரு பர்ருக்கு மேல் வேண்டாம் என்றேன்.