கட்டிலுக்கடியில் ஐந்து பாட்டில்கள்

தாத்தாவின் கருமாதி முடிந்த மறுநாள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய கட்டிலுக்கடியில் வரிசையாக இருந்த ஐந்து ஹார்லிக்ஸ் பாட்டில்களை அத்தை வெளியே இழுத்து வைத்து, "இந்த மண்ணையெல்லாம் கொல்லையில கொட்டிடட்டுமா?" என்று கேட்டார். கொட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்பதை அன்றைக்கு இருந்த மனநிலையில் விளக்க முடியவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தாத்தா கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்த அந்த வேலையைப் பற்றி அவர் சொல்லி நாங்கள் கேட்டது மிகக் குறைவு. ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு போனால் எந்த மரம் பூத்திருக்கும், எந்த ஓடையில் தண்ணீர் எந்த மாதம் வற்றும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். விடியற்காலை ஐந்து மணிக்கு, ஹெர்குலிஸ் சைக்கிளின் கைப்பிடியில் பழைய சோற்றுத் தூக்கை மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி கிளம்பிவிடுவார். நடைப்பயிற்சி என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல் சுற்றிச் சுற்றி நடப்பது செக்குமாட்டின் வேலை என்பார்.

விடுமுறை நாட்களில் சைக்கிளின் பின்னிருக்கை என்னுடையது. "பொம்பளப் புள்ளைய வெயில்ல இழுத்துக்கிட்டுப் போயி கருக்க வெக்கிறாரு" என்று ஆயா ஒவ்வொரு முறையும் வாசல் வரை வந்து சொல்வார். சொல்லிக்கொண்டே என் கையில் ஒரு நார்த்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தையும் கொடுத்துவிடுவார் என்பதால், அது கண்டிப்பா வழியனுப்பலா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்த இடம் கேப்பர் மலை. பெயரில்தான் மலை; மற்றபடி நகரத்தை ஒட்டிச் சற்றே உயர்ந்து கிடக்கும் செம்மண் மேடு. முந்திரி பூக்கும் காலத்தில் அங்கே சைக்கிளை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறும் அந்த இனிப்பும் துவர்ப்பும் கலந்த வாசனையை வேறெங்கும் நான் உணர்ந்ததில்லை. தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் கீழே விழுந்த பழங்களைப் பொறுக்கிக்கொள்ள எங்களுக்கு அனுமதி இருந்தது. பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியே எடுத்து, காய்ந்த சருகுகளைக் கூட்டித் தீ மூட்டி, அதில் கொட்டைகளைப் போட்டுவிட்டு என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்வார். ஓட்டிலுள்ள எண்ணெய் சீறித் தெறிக்கும். தோலில் பட்டால் கொப்புளம்தான். கொட்டைகள் கறுத்துக் கொழுந்துவிட்டு எரியும் நேரம் பார்த்து, இரண்டு கைகளாலும் மண்ணை வாரி மேலே இறைப்பார். தீயும் அணையும், எண்ணெயையும் மண் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஒரு கல்லில் வைத்து, மற்றொரு கல்லால் ஒரே ஒரு தட்டு. நான் தட்டினால் பருப்பு நொறுங்கும். அவர் தட்டினால் முழுதாக வெளியே வரும். ஓங்கும் வேகத்தை அவர் ஒருநாளும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நொறுங்கியதையும் வீணாக்காமல் தன் வாயில் போட்டுக்கொள்வார்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. தெருவில் விழுந்த மரங்களை வெட்டி வழி செய்ய ஆன நாட்கள் கழிந்ததும், அவர் முதலில் போக விரும்பிய இடம் கேப்பர் மலைதான். தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, ஒரு மரம் பிடுங்கப்பட்ட குழிக்குள் இறங்கி, அதன் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நெடுநேரம் முகர்ந்தார். அவர் மண்ணை முகர்வதை நான் கவனித்தது அதுதான் முதல் தடவை. தோப்புக்காரர் வந்தபோது இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை, ஒரு வரப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மற்ற பயணங்கள் இத்தனை கனமானவை அல்ல. தேவனாம்பட்டினத்துக்குப் போகும்போதெல்லாம் 1690-ல் ஆங்கிலேயர் அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய கதையைச் சொல்வார். பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரையிலான ஊர்களும் விற்பனையில் சேர்த்தி என்பது பேச்சு. குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அப்படி வந்தவை. "இப்ப நாம குண்டுக்கு உள்ள இருக்கமா, வெளிய இருக்கமா, சொல்லு பாப்பா" என்று மிதித்துக்கொண்டே கேட்பார். சுனாமிக்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு அந்தப் பக்கம் அவர் சைக்கிளைத் திருப்பவே இல்லை. புதுச்சேரியை ஒட்டிய ஊசுட்டேரியில், கொக்கு போன்ற ஒரு பறவையைக் காட்டி, மடையில் அசையாமல் நிற்பதனால்தான் அதற்கு மடையான் என்று பெயர் எனச் சொல்லித் தந்ததும், திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்ற பலகையைப் படித்துவிட்டு, "எங்க ஆபீசுல ஃபைலு ரெண்டே வருசத்துல கல்லாயிடும்" என்று சிரித்ததும் நினைவிருக்கிறது. அலுவலகத்தைப் பற்றி அவர் அடித்த ஒரே நகைச்சுவை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

82 வயதில் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. கட்டிலைச் சன்னலோரம் போட்டோம். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். தொலைக்காட்சி வாங்கி வைத்த அப்பா, அதை அவர் பார்ப்பதேயில்லை என்று வருந்தினார். ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது என் செருப்பைப் பார்த்துவிட்டு, குழறிய பேச்சில், "கேப்பர் மலைக்குப் போனியா?" என்றார். ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. அடுத்த வாரம் ஒரு பாட்டில் நிறைய அந்த மண்ணைக் கொண்டுவந்து, அவருடைய வலது உள்ளங்கையில் கொட்டினேன். விரல்களால் தேய்த்தார், முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லாமல் கையில் கொட்டுவேன். அவர் இடத்தைச் சொல்வார். கடற்கரை மணலும் ஏரி வண்டலும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கல்மரப் பூங்கா வாசலுக்கு வெளியே அள்ளியதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

ஐந்தாவது, தென்பெண்ணை. தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் அந்த மணலில் இறங்கும். சுருளிக்கிழங்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய் மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊற்று தோண்டுவார் தாத்தா. கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடிப்போம். அந்த வாரம் எனக்கு வேலை அதிகம். ஆற்றுக்குப் போகாமல், தெருமுனையில் வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த குவியலில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தாத்தா விரலால் தேய்த்ததும் வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்தார். "இது எம் சாண்ட் பாப்பா. யாரு வீட்டு வாசல்ல கொட்டியிருந்தது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே பெண்ணையாற்றுக்குப் போனேன். மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகியிருந்தது. களித்தரை தெரிந்த இடங்களைக் கடந்து, மணல் மிச்சமிருந்த ஓரத்தில் உட்கார்ந்து கையால் தோண்டினேன். எம் சாண்டை, அதாவது கல்லை உடைத்துச் செய்த அந்தச் செயற்கை மணலை, கொட்டிக் கழுவிய அதே பாட்டிலில் நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தாத்தா உடனே கண்டுகொண்டார். எவ்வளவு ஆழம் தோண்டினாய் என்று கேட்டார். முழங்கை ஆழம் என்றேன்.

"தண்ணி வந்துச்சா?"

வந்தது தாத்தா, தெளிவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று, குடித்தேன் என்று சொன்னேன். கையிலிருந்த மணலை மறுபடி முகர்ந்து பார்க்காமல், பாட்டிலை மூடிக் கட்டிலுக்கடியில் வைக்கும்படி சைகை காட்டினார்.