பொண்ணு படிப்புக்கு எந்த உதவித்தொகை? தண்டையார்பேட்டையில் நான் போட்ட கணக்கு

2025 மே மாதம் பொண்ணு பிளஸ் டூ பாஸ். வீட்டில் ரெண்டு கட்சி. அவளுக்கு பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். எனக்கு பி.சி.ஏ. சேர்க்கணும். படிப்பு மேல் இருந்த ஆசை இல்லை அது, பணத்தின் மேல். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் உதவித்தொகை தொழிற்படிப்புக்கு மட்டும்தான். அந்தப் பட்டியலில் பி.சி.ஏ. உண்டு, பி.எஸ்சி. கணிதம் கிடையாது. பெண் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய், பையனுக்கு 2,500. வருஷத்துக்கு 36,000! ராணுவத்தில் 17 வருஷம் ஓட்டிவிட்டு இப்போது மணலி பக்கம் செக்யூரிட்டி வேலை பார்க்கிறவனுக்கு அது சின்னக் காசா?

எங்கள் தெருவில் நேவியிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். அவர்தான் என் கனவில் தண்ணி ஊத்தினார். "இந்தியா முழுக்க வருஷத்துக்கு 5,500 பேருக்குத்தான் தம்பி. சண்டையில செத்தவங்க, கை கால் போனவங்க பிள்ளைங்களுக்கு முதல்ல. நம்மள மாதிரி முழுசா வீடு வந்து சேர்ந்தவன் பிள்ளைங்க கடைசி வரிசை."

பிளஸ் டூவில் 60 சதவீத மார்க் என்பது விண்ணப்பம் போடத்தான். கடைசி வரிசையில் மார்க் போட்டி. என் பொண்ணு 74. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதை நம்பி பி.சி.ஏ.வுக்குத் தனியார் கல்லூரியில் சேர்த்தால் ஃபீஸ் மட்டும் நிச்சயம். இதில் இன்னொரு சிக்கல், முதல் வருஷம் விட்டால் அடுத்த வருஷம் கேட்க முடியாது.

ராஜா முத்தையா சாலையில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பாதுகாப்பு அமைச்சர் நல நிதியிலிருந்து ஹவில்தார் வரைக்கும் உள்ளவர்களுக்கு, ரெண்டு பிள்ளைகள் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை, அப்போது மாதம் 1,000. இதில் பி.எஸ்சி.யும் வரும். ஹவில்தாருக்கு அடுத்த பதவியான நாயிப் சுபேதார் ஆகவில்லையே என்று எத்தனை ராத்திரி புலம்பியிருக்கிறேன்! ஆகியிருந்தால் இது கிடைத்திருக்காது.

ஒவ்வொரு வருஷமும் பாஸ் பண்ணிய பிறகுதான் போடணும். அப்படியென்றால் பிளஸ் டூ பாஸுக்கே போடலாம். போட்டேனா? ராணுவத்திலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் அவள் 'பிரியா', மார்க் ஷீட்டில் 'பிரியதர்ஷினி'. அவள் பிறந்தப்ப லீவு முடிந்து போன அவசரத்தில் வீட்டில் கூப்பிடும் பேரையே யூனிட்டில் எழுதிக்கொடுத்தவன் நான்தான். அஃபிடவிட், பிறப்புச் சான்றிதழ், கடிதம் மேல் கடிதம். பேர் திருந்தி வருவதற்குள் கடைசித் தேதி தாண்டிவிட்டது. 12,000 போச்சு. சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே புக்கைத் திறந்து பேரைப் பாருங்கள்.

பி.எஸ்சி.யே சேர்த்தோம். மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள், அதனால் மாநில அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்கிலேயே விழுகிறது. 2022 செப்டம்பரில் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே அவள் கல்லூரியில்தான்.

நவம்பர் 1, 2025 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அமைச்சர் நிதி 2,000 ஆகிவிட்டது. ஆனால் அந்தப் படிவத்தோடு, மாநில அரசிடமோ வேலை பார்க்கும் இடத்திலோ கல்விப் பணம் வாங்கவில்லை என்று எழுதிக்கொடுக்கணும். பொய்க் கையெழுத்து போட எனக்குக் கை வராது. அதனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். முதல் வருஷ ரிசல்ட் வரட்டும், 2,000-க்கு மாறிக்கொள்ளலாம் என்றேன்.

"அது யார் அக்கவுன்ட்டுக்கு வரும்?" என்றாள்.

"என் பென்ஷன் அக்கவுன்ட்டுக்கு."

"அப்ப எனக்கு இந்த ஆயிரமே போதும்ப்பா."

பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. மாதம் 1,500 கையில் கொடுத்தால் யோசிக்கிறாளாம்.