சொல்லிச் செய்த அத்தர்

கன்னௌஜில் அத்தர் ஆர்டர் கொடுக்க உட்கார்ந்தால் பேச்சு பூவில் தொடங்காது, எண்ணெயில் தொடங்கும். "அடியில் என்ன வைக்கட்டும்?" என்றுதான் கடைப் பெரியவர் முதலில் கேட்டார். இந்தி தெரிந்த நண்பர் உடன் வந்திருந்ததால் தப்பித்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஹர்ஷரின் தலைநகர் கன்னோசி என்று படித்தோமே, அதே ஊர்தான். உத்தரப் பிரதேசத்தில், கான்பூரிலிருந்து எண்பது கிலோமீட்டர் சுமார். வாசனை திரவியத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். ஆனால் சாலையில் இறங்கியதும் மூக்கில் ஏறுவது டீசல் புகைதான். சந்துக்குள் நுழைந்த பிறகுதான் மணம்.

அடி என்று அவர் சொன்னது, வாசனையைப் பிடித்து வைக்கும் எண்ணெயை. பூவை நீரோடு கொதிக்க வைத்தால் எழும் ஆவி குழாய் வழியாகப் போய் ஒரு பாத்திரத்தில் குளிரும். அந்தப் பாத்திரத்தில் முன்பே ஊற்றி வைத்த எண்ணெய்தான் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். வழக்கப்படி அது சந்தன எண்ணெய். ஆனால் சந்தன எண்ணெய் இன்று கிலோ லட்ச ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அதனால் இப்போது பெரும்பாலும் லிக்விட் பாரஃபின் அல்லது டி.ஓ.பி. வைத்தே வடிக்கிறார்கள். டி.ஓ.பி. என்பது பிளாஸ்டிக்கை வளைய வைப்பதற்காகக் கலக்கும் திரவம். மணம் கிடையாது, விலையும் சொற்பம். சொல்லி விற்றால் அதில் தப்பில்லை. சந்தனம் என்று சொல்லி விற்பதுதான் பிரச்சினை. முன்பு வேறொரு ஊரில் 'சுத்த சந்தன அடி' என்று ஒரு கடையில் வாங்கிய குப்பி, மூன்று மணி நேரத்தில் கையில் வெறும் பிசுபிசுப்பாக மிஞ்சியது.

ஐரோப்பாவில் தனி ஒருவருக்கென்றே பெர்ஃப்யூம் செய்து தருகிறவர்கள், உங்கள் சின்ன வயது நினைவுகள், பிடித்த ஊர் என்றெல்லாம் விசாரிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். இங்கே அதெல்லாம் இல்லை. அடி என்ன, எத்தனை தோலா எடை, எப்போது வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இது பிடித்திருந்தது. என் கதை அவருக்கு எதற்கு? உள்ளே என்ன போகிறது என்பது எனக்குத் தெரிந்தால் போதும்.

நான் கேட்டது, மழை விழுந்த மண்ணின் மணம் தரும் மண் அத்தரும் வெட்டிவேரும் கலந்த ஒன்று. புதிதாக ஒரு வடிப்புப் போட வேண்டுமானால் கிலோக் கணக்கில் அடி எண்ணெய் வேண்டும். அது வியாபாரிகளுக்கான கணக்கு, நமக்குக் கட்டுப்படியாகாது. "ஒருத்தருக்குச் சந்தனத்தில் மண் வடிக்கிறது ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து எடுத்து, வெட்டிவேரின் ரூஹ் சேர்த்துத் தருகிறேன்" என்றார் பெரியவர். ரூஹ் என்றால் அடி எண்ணெயே இல்லாமல் வடித்த சாறு. சரி என்றேன். ஆனால் வடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் என்று நண்பர் கறாராகச் சொல்லிவிட்டார். பெரியவர் முகம் கோணவில்லை. "பாருங்கள், அதற்குத்தானே வந்தீர்கள்" என்று ஆளோடு பின்கட்டுக்கு அனுப்பினார்.

பின்கட்டில் வரிசையாக மண் அடுப்புகள். அவற்றின் மேல் பெரிய பெரிய செம்புப் பானைகள், தேக் என்கிறார்கள். அதிலிருந்து கயிறு சுற்றிய மூங்கில் குழாய் சரிவாக இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை முங்கிக் கிடக்கும் செம்புக் குடத்துக்குள் போகிறது. அந்தக் குடம்தான் பாப்கா. மண் அத்தருக்குப் பூவே கிடையாது. சூளையில் லேசாகச் சுட்ட களிமண் துண்டுகளைத் தேக்குக்குள் கூடை கூடையாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, மூடியின் விளிம்பில் பஞ்சு பிசைந்த களிமண்ணை அப்பி அடைத்தார்கள். விறகும் வறட்டியும்தான் எரிபொருள்.

வெப்பமானி, மீட்டர் எதுவும் கண்ணில் படவில்லை. அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவ்வப்போது தொட்டிக்குள் கையை விட்டு பாப்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். தேக்கின் அருகில் காதை வைத்துக் கேட்பார். கொதி மிஞ்சினால் விறகை இழுத்துவிட்டு ஈரத்துணியால் தேக்கைத் துடைப்பார். பாப்கா சூடேறிவிட்டால் பிடித்த வாசனையும் போய்விடுமாம். தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மூடியைத் திறந்து பழைய மண்ணை அள்ளிக் கொட்டியபோது ஒரு நெடி எழுந்தது பாருங்கள். கோடை மழையின் முதல் துளி புழுதியில் விழும்போது வருமே, அதேதான், இன்னும் அடர்த்தியாக. இந்த மணத்துக்கு 1964-இல் பெட்ரிகோர் என்று பெயர் வைத்த ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் தங்கள் கட்டுரையிலேயே இந்த மண் அத்தரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் வருவதற்கு முன்பே கன்னௌஜ்காரர்கள் அதைக் குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் வடிப்போடு வேலை முடியாது. இரவு ஆறவிட்டு, மறுநாள் பாப்காவின் அடித்துளையைத் திறந்து தண்ணீரை மட்டும் வடித்துவிடுவார்கள். எண்ணெய் உள்ளேயே இருக்கும். அதே எண்ணெயோடு புது மண் போட்டு மறுபடி அடுப்பு. எண்ணெய் போதுமென்று சொல்லும்வரை நாள்கணக்கில் இப்படியே ஓடும். விலை எங்கே போகிறது என்பது அந்த அடுப்படியில் நின்றபோது விளங்கியது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் வெட்டிவேர் அளவு பற்றிப் பேச்சு. ரூஹைப் பஞ்சில் தொட்டுக் கொடுத்தார். பச்சை படர்ந்த கெட்டியான திரவம். செம்பில் வடித்தால் அந்த நிறம் வரும். நூற்றுக்கு ஐந்து பங்கு போட்டுக் காட்டியதில் மண்ணே தெரியவில்லை, கோடையில் வெட்டிவேர்த் தட்டி கட்டிய அறைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இரண்டு போட்டால் இருப்பதே தெரியவில்லை. மூன்றில் நிறுத்தினோம். எதையும் அங்கேயே முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். மூக்கு சீக்கிரமே மரத்துவிடும். மணிக்கட்டில் தடவிக்கொண்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு, சாயங்காலம் மறுபடி முகருங்கள். சந்தன அடி என்றால் முன்னால் நின்ற மணம் தணிந்த பிறகு பால் மாதிரி ஒரு மென்மை தோலில் தங்கும். எங்களுக்குத் தங்கியது.

அப்புறம், ரசீதில் எழுதி வாங்குவது முக்கியம். அடி சந்தனம், மண் இவ்வளவு, ரூஹ் இவ்வளவு, மொத்தம் ஐந்து தோலா என்று நண்பர் இந்தியில் எழுதவைத்தார். தோலா பன்னிரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பாதிப் பணம் கொடுத்தோம். மொத்தத் தொகைக்கு ஒரு சுமாரான ஸ்மார்ட்போன் வாங்கியிருக்கலாம்; வீட்டில் அதைச் சொல்லவும் செய்தார்கள்.

உடனே கைக்கு வராது. ஈரம் போக வேண்டும். அதற்கு ஒட்டகத் தோலில் செய்த குப்பியில் ஊற்றி வெயிலில் வைக்கும் வழக்கம் உண்டு. தோல் வழியாக நீர் கசிந்து போகும், எண்ணெய் நிற்கும். இப்போது அலுமினியப் பாத்திரங்கள் அதிகம், ஆனாலும் பெரியவர் எங்களுடையதைக் குப்பியில்தான் வைத்தார். மழைக்காலம் குறுக்கே வந்ததால் சொன்ன தேதி தள்ளிப்போனது. இரண்டு தடவை போன் செய்து கேட்டபோது, "வெயில் வரட்டும் பேட்டா" என்பதுதான் பதில்.

கடைசியில் சின்ன அலுமினியக் குப்பியில் அரக்கு வைத்து வந்து சேர்ந்தது. ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூட எட்டாது. காதுமடலுக்குப் பின்னால் ஒரு துளி, அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். மறுநாள் காலையிலும் தலையணையில் மிச்சம் இருக்கும்.

என் அளவுகளைப் பெரியவர் தன் நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். தீர்ந்தால் போன் செய்தால் போதும் என்றார். ஆனால் சந்தன அடியில் மண் வடிக்க யாராவது பெரிய ஆர்டர் கொடுத்தால்தான் எனக்கும் கிடைக்கும். அதுவும் மண் காய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் கேட்பது நல்லதாம்.