முள் 51, வண்டி 60

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிப் போகும் பழைய ஃபோர் வீல் பிக்கப் என்னுடையது. இறக்கத்தில் ஸ்பீடோமீட்டர் முள் 30-ஐத் தாண்ட விடமாட்டேன். ஆனால் கொஞ்ச நாளாக அதே 30-இலேயே வளைவுகள் சீக்கிரம் வந்தன. அடிவாரம் சேரும்போது பிரேக் கருகும் வாடை. டீசலும் கூடுதலாகக் குடிப்பதுபோல் கணக்கு வந்தது.

போனில் ஜிபிஎஸ் போட்டேன். மலைப்பாதையில் அது உதவாது; வளைவுக்கு வளைவு வேகம் மாற, எண் பின்தங்கியே வருகிறது. சரி என்று ஒருநாள் விடிகாலை, சுமை இறக்கிவிட்டு காரமடை ரோட்டில் ஒரே சீராக ஓட்டினேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்து குறித்தான். ஜிபிஎஸ் 60, முள் 51. ஜிபிஎஸ் 40, முள் 34. அப்புறம் கிலோமீட்டர் கல் எண்ணினோம். பத்து கிலோமீட்டர் போனதற்கு மீட்டரில் ஏறியது எட்டரைதான்.

அந்த எட்டரைதான் வழி காட்டியது. கிலோமீட்டர் சரியாக ஏறி முள் மட்டும் குறைந்திருந்தால் கோளாறு மீட்டருக்குள். இரண்டும் ஒரே அளவு குறைகிறது என்றால், அடியில் கியரிலிருந்து மீட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் கேபிள் வழியாக வரும் சுற்றே குறைவு.

"கேபிள்தாண்ணே" என்றார் மெக்கானிக் தம்பி. கேபிள் காய்ந்தால் முள் துள்ளும். என் முள் ஆடவே இல்லை. ஆனாலும் மாற்றிப் பார்த்தோம். அதே 51.

அடுத்து டயர். 215/75 ஆர்15 அளவு டயர் இருந்த இடத்தில், சேற்றுக்கு நல்லது என்று நாலு சக்கரத்துக்கும் 235/75 போட்டிருந்தேன். விட்டம் 703 மில்லிமீட்டரிலிருந்து 733 ஆகிவிட்டது. ஒரு சுற்றுக்கு வண்டி நாலு சதவீதம் கூடுதலாகப் போகும். ஆனால் என் முள் பதினைந்து சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. மீதி எங்கே?

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸில் கேபிள் சேரும் இடத்தைக் கழற்றினோம். சுண்டுவிரல் தடிமனில் வெள்ளை பிளாஸ்டிக் பினியன், அதாவது கேபிளைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம். ஆயிலைத் துடைத்து, ஒரு பல்லில் மை வைத்து மூன்று தடவை எண்ணினேன். 17. இந்த வண்டிக்கு உரியது 15. முன்பு ஆயில் கசிவுக்காக ஒரு பட்டறையில் விட்டபோது மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பல் கூடினால் கேபிள் மெதுவாகச் சுற்றும். பினியனும் டயரும் சேர்ந்து கணக்கு அப்படியே பொருந்தியது.

15 போட்டால் பெரிய டயருக்கு 60-இல் 57 அரைதான் காட்டும். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது. கோயம்புத்தூரில் தேடி 14 பல் வாங்கிப் போட்டோம். இப்போது 60-க்கு முள் 62.

ஆயில் மாற்றும் கணக்கையும் திருத்தினேன். மீட்டர் 5,000 ஏறியபோது வண்டி 5,900 ஓடியிருக்கிறது. நேற்று முழுச் சுமையோடு முள் 30-இல் இறங்கினேன். அடிவாரத்தில் நிறுத்தி, சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்த்தேன். கருகல் வாடை இல்லை.