சித்தப்பாவின் வன்தட்டு: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 4, செவ்வாய்

சித்தப்பாவின் பழைய மேக்கின்டாஷ் கணினியில் இன்றும் வன்தட்டு எழவில்லை. திரையின் நடுவில் கேள்விக்குறி மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 5, புதன்

இன்று கணினியின் மூடியைக் கழற்றிவிட்டு, காதை அருகில் வைத்துக் கேட்டேன். தட்டு சுழல்கிறது. வேகம் கூடி நிலைபெறும் ஒலி தெளிவாகவே கேட்கிறது. அதற்குப் பின் வரவேண்டிய ‘டக் டக்’ ஒலிதான் வரவில்லை. வாசிப்புத் தலை தன் இருப்பிடத்தை விட்டு நகரவில்லை என்பதே இதற்குப் பொருள். சில நொடிகள் காத்திருந்துவிட்டு மோட்டாரும் அடங்கிவிடுகிறது.

1980களின் இறுதியில் வந்த பல வன்தட்டுகளில், தலையைத் தாங்கும் கரம் முட்டி நிற்பதற்காகச் சிறு ரப்பர் துண்டு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். காலப்போக்கில் அந்த ரப்பர் இளகித் தார்போல் ஆகிவிடுகிறது. கரம் அதில் ஒட்டிக்கொண்டால் அதைப் பிய்த்து நகர்த்தும் வலிமை உள்ளிருக்கும் சுருளுக்கு இல்லை. இந்தத் தட்டில் நடந்திருப்பதும் அதுவாக இருந்தால் நல்லது. மேற்பரப்பு கீறிப்போயிருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் கீறல் விழுந்த தட்டு இவ்வளவு சீராகச் சுழலாது, உரசும் ஒலி கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

வரவழைத்த புளூஸ்கஸி எமுலேட்டர், அதாவது வன்தட்டுக்குப் பதிலாக அமரும் சிறு மின்னணுப் பலகை, இன்னும் வந்து சேரவில்லை.

பழைய தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெற்று எஸ்டி கார்டில் இயங்குதளத்தை ஏற்றிப் புளூஸ்கஸி எமுலேட்டரைச் செருகினால், இந்த மேக்கின்டாஷ் எஸ்இ/30 ஒரே மாலையில் உயிர்பெற்றுவிடும். 1989-இல் வந்த அந்தக் கணினிக்குத் தன் 50 முனை கேபிளின் மறுமுனையில் இருப்பது சுழலும் தட்டா, சிறு சில்லா என்று தெரியவே தெரியாது. கணினியையும் தட்டையும் இணைக்கும் ஸ்கஸி முறையின் அழகு அதுதான். கணினி கேட்பது இத்தனையாவது பிளாக்கை, அதாவது தகவல் துண்டைக் கொடு என்று மட்டும். தலையை எங்கே நகர்த்துவது, எந்தத் தடத்தில் தேடுவது என்பதெல்லாம் மறுமுனையின் பொறுப்பு. அதனால்தான் மறுமுனையில் வேறொன்று வந்து அமர முடிகிறது.

ஆனால் சித்தப்பா கணினியைக் கேட்கவில்லை. மீராவைக் கேட்கிறார். ஏறத்தாழ 332 நாட்களுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குத் தெரியுமளவு பிரகாசித்துவிட்டுப் பின் தொலைநோக்கி இல்லாமல் காண முடியாதபடி மங்கிப்போகும் அந்த விண்மீனை அவர் இரவிரவாகப் பார்த்து, ஒளியளவை மதிப்பிட்டுக் குறித்துவைத்த அட்டைகள் அந்தத் தட்டில் இருக்கின்றன. எமுலேட்டரை விற்பவர்களும் வாங்குபவர்களும் ‘மாற்றியாயிற்று’ என்று மகிழ்ந்து எழுதும்போது, கழற்றிய தட்டுக்கு என்ன ஆனது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா என்றுதான் இப்போதெல்லாம் முதலில் தேடுகிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

சித்தப்பாவின் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருக்கிறது. சித்தி காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

திறந்துவிட்டேன்.

மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தி, மேசையை ஈரத்துணியால் துடைத்து, காற்று அடங்கும்வரை காத்திருந்த பிறகே தட்டின் மூடியை எடுத்தேன். சுழலும் தட்டுக்கு மேல் தலை மிதக்கும் உயரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மனிதத் தலைமயிரின் தடிமனே அதைப்போல் பல மடங்கு என்பதால், கண்ணுக்குத் தெரியும் எந்தத் தூசியும் அங்கே பாறைதான். மின்சாரம் கொடுத்து, தட்டு முழு வேகத்தை எட்டித் தலை மேலெழுந்த பிறகு, கரத்தின் பின்முனையை மட்டும் தொட்டு மெல்ல உள்பக்கம் தள்ளினேன். பிசின் நூலாக இழுபட்டு அறுந்தது. அடுத்த கணமே கரம் தானாகத் துள்ளித் தட்டின் குறுக்கே ஓடித் திரும்பியது. அந்த ‘டக் டக்’ ஒலியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நிறுத்தியபின் பிசினை வழித்தெடுத்துவிட்டு, முட்டும் இடத்தில் வெப்பத்தால் சுருங்கும் குழாயின் சிறு துண்டைப் போர்த்தி மூடிவிட்டேன். இது குணப்படுத்தியதாகாது, சில மணி நேர ஆயுளை வாங்கியதுதான். திறந்து மூடிய தட்டை இனி ஒவ்வொரு முறை சுழற்றுவதும் செலவு. பலகை வரும்வரை அதை இயக்கப்போவதில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பலகை வரவில்லை.

ஜூன் 13, வியாழன்

வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும் பலகை. அதன் நடுவே ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு நுண்கட்டுப்படுத்தி, ஓரத்தில் எஸ்டி கார்டு செருகும் இடம்.

வழக்கமாக இது வன்தட்டாக நடித்துக் கணினிக்குப் பதில் சொல்லும். இதன் இரண்டாவது பதிப்பில் ஒரு சுவிட்சை மாற்றினால் பாத்திரம் தலைகீழாகிவிடும். கணினியின் இடத்தில் தானே இருந்துகொண்டு, பழைய தட்டிடம் ஒவ்வொரு பிளாக்காகக் கேட்டு வாங்கி, அப்படியே கார்டில் ஒரே கோப்பாக எழுதிவைக்கும். தட்டுக்கு வேண்டிய 5 வோல்ட், 12 வோல்ட் மின்சாரத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கேபிளின் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் 5 வோல்ட்டை நோக்கி 220 ஓம், தரையை நோக்கி 330 ஓம் என்று அமைந்த மின்தடைகள் அவை. இல்லாவிட்டால் முனையில் மோதிய சிக்னல் எதிரொலித்துத் திரும்பிவந்து தகவலைக் கலைத்துவிடும். தட்டின் அடிப்புறத்தில் அந்த மின்தடை வரிசைகள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். இருக்கின்றன.

ஏன் கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல் முழுத் தட்டையும் பிளாக் பிளாக்காக எடுக்க வேண்டும் என்று தம்பி கேட்டான். மேக்கின்டாஷ் கோப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்றில் தரவு, மற்றொன்றில் சின்னங்கள், எழுத்துருக்கள், உரையாடல் பெட்டிகள் போன்ற வளங்கள். வேறு கணினியின் கோப்பு முறைக்கு நேரடியாக நகலெடுத்தால் இரண்டாவது கிளை சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். முழுத் தட்டின் நகலான பிம்பத்தில் எதுவும் உதிராது. தட்டு எந்தெந்தப் பகுதிகளாக (பகிர்வுகளாக) பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலும், தட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளும் உள்பட எல்லாம் அதில் வந்துவிடும் என்பதால், பின்னர் அதே கோப்பை எமுலேட்டரில் வைத்தால் கணினி அப்படியே துவங்கும்.

நாளை காலை தொடங்குகிறேன்.

ஜூன் 14, வெள்ளி

முழுத் தட்டும் ஓடி முடிந்தது. 40 மெகாபைட், ஏறத்தாழ 80,000 செக்டர்கள், அதாவது 512 பைட் துண்டுகள். சில செக்டர்களில் தயங்கித் தயங்கி, பலமுறை முயன்று, கைவிட்டுத் தாண்டியிருக்கிறது. கார்டிலுள்ள பதிவுக் கோப்பு அவற்றின் எண்களை எழுதிவைத்திருக்கிறது. அந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 15, சனி

பகல் முழுவதும் அந்த எண்களோடுதான் இருந்தேன்.

இந்த மேக்கின்டாஷின் எச்.எஃப்.எஸ். கோப்பு முறையில், பகிர்வின் இரண்டாம் எண் பிளாக்கில் தலைமைத் தகவல் இருக்கும். அதன் நகல் ஒன்று கடைசிக்கு முந்தைய பிளாக்கிலும் இருக்கும். இரண்டும் நலமாக வந்துவிட்டன. ஒரு பகிர்வில் 65,535 ஒதுக்கீட்டு அலகுகளுக்கு மேல் இருக்க முடியாது என்பதால், இந்த அளவுத் தட்டில் அலகு ஒன்றுக்கு 1,024 பைட், அதாவது இரண்டு செக்டர்கள். எந்த அலகுகள் பயன்பாட்டில் உள்ளன என்று காட்டும் வரைபடத்தோடு எண்களை ஒப்பிட்டேன். படிக்க முடியாத செக்டர்களில் பெரும்பாலானவை காலியிடத்தில் விழுந்திருக்கின்றன. அந்த நிம்மதி நெடுநேரம் நீடிக்கவில்லை. ஒன்று, கோப்புகளின் பெயரும் இருப்பிடமும் எழுதியிருக்கும் அட்டவணைக்குள் விழுந்திருக்கிறது.

அட்டவணையின் ஒவ்வொரு கணுவும் 512 பைட், சரியாக ஒரு செக்டர். ஒரு கணுவில் மூன்று நான்கு கோப்புகளின் பெயரும் இருப்பிடமும் இருக்கும். கணுக்கள் முன்னும் பின்னும் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருப்பதால், தொலைந்த கணுவின் இடத்தை அதன் அண்டைக் கணுக்களே சொல்லிவிடுகின்றன. பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், என்ன தொலைந்திருக்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். சித்தப்பாவின் விண்மீன் கோப்புறையில், இடைவெளிக்கு முன் கடைசியாக இருக்கும் பெயர் கை சிக்னி (Chi Cygni). இடைவெளிக்குப் பின் முதலில் வரும் பெயர் ஆர் லியோனிஸ்.

மீரா இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும்.

ஜூன் 16, ஞாயிறு

சித்தி பேசினார். “வந்துடுச்சான்னு கேக்கச் சொன்னாரு.” வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 18, செவ்வாய்

கோப்பின் பெயர் தொலைந்தாலும் கோப்பு தொலைவதில்லை. இருப்பிடம் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். சித்தப்பா அட்டைகளை எழுதியது, தகவலைத் திரையில் அட்டை அட்டையாக அடுக்கிவைக்கும் ஹைப்பர்கார்டு என்ற பழைய மென்பொருளில். அதன் கோப்புகள் தம் உள்ளமைப்பைத் தாமே சொல்லிக்கொள்பவை. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அதன் நீளமும், நான்கு எழுத்தில் அதன் வகையும், அடையாள எண்ணும் இருக்கும். முதற்பகுதியில் எஸ், டி, ஏ, கே (STAK) என்ற நான்கெழுத்து. அட்டை ஒவ்வொன்றுக்கும் சி, ஏ, ஆர், டி (CARD). எழுதிய உரையும் பெரும்பாலும் வெளிப்படையாகவே இருக்கும். ஆகவே பிம்பக் கோப்பு முழுவதையும் வெறும் பைட்டுகளாக எண்ணி அந்த நான்கெழுத்துகளைத் தேடினேன்.

எந்தக் கோப்பும் உரிமை கோராத ஓரிடத்தில் கிடைத்தது. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு தேதி, ஒரு எண், ஒரு வரி. மங்கலான நிலா வெளிச்சத்தில் ஒளியளவை 3.4 என்று மதிப்பிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். தொடர்ந்து அட்டை அட்டையாக வந்துகொண்டே இருக்கிறது. கோப்பு துண்டுதுண்டாகச் சிதறியிருந்தாலும் அடையாள எண்களைக் கொண்டு கோத்துவிடலாம். ஆனாலும் அந்தக் கணு வேண்டும். அது கிடைத்தால் நான் எதையும் கோக்க வேண்டாம், அவர் விட்டுச்சென்றது விட்டுச்சென்றபடியே திறக்கும்.

ஜூன் 19, புதன்

தூக்கமில்லை. கார்டைப் பற்றிய யோசனை.

ஃபிளாஷ் நினைவகத்தில் தகவல் என்பது சிறையிட்ட மின்னூட்டம். அது காலப்போக்கில் கசியும். மின்சாரமே காணாமல் பல ஆண்டுகள் இழுப்பறையில் கிடக்கும் கார்டை நம்ப முடியாது. இந்தத் தட்டின் காந்தப் பூச்சோ 30 ஆண்டுகளுக்கும் மேலாகத் தகவலைத் தாங்கியிருக்கிறது. கைவிட்டது ரப்பர்தான். அப்படியிருக்க, கார்டை நிலையான வீடு என்று யாரும் எண்ணக் கூடாது. அதன் பலம் வேறு. அதிலிருப்பது சாதாரணக் கோப்பு. எத்தனை இடங்களில் வேண்டுமானாலும் நகலெடுத்து வைக்கலாம், நகல் மூலத்தோடு பைட்டுக்குப் பைட் பொருந்துகிறதா என்று எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். தட்டை அப்படிப் பிரதியெடுக்க முடியாமல்தானே இத்தனை நாள் தவிப்பு. விடிந்ததும் பிம்பத்தை மூன்று இடங்களில் வைத்து, ஒவ்வொன்றின் சரிபார்ப்பு எண்ணையும் எழுதிவைத்தேன்.

நாளை அவருக்கு அறுவை சிகிச்சை.

ஜூன் 20, வியாழன்

எதுவும் செய்யவில்லை. சித்தியின் அழைப்புக்காகக் காத்திருந்தேன். மாலையில் வந்தது. முடிந்துவிட்டதாம்.

ஜூன் 22, சனி

சென்ற முறை தட்டு சூடேறச் சூடேறத்தான் தயக்கங்கள் கூடியிருக்கின்றன. உலோகம் விரிந்தால் கரத்துக்கும் தடத்துக்கும் உள்ள பொருத்தம் நூலிழை அளவு விலகும். அப்போது எழுதியதற்கும் இப்போது படிப்பதற்கும் இடையில் அந்த விலகலே போதும். ஆகவே விடியற்காலைக் குளிர்ச்சியில் மீண்டும் வாசித்தேன். முடிவு வரும்வரை திரையைப் பார்க்கவில்லை, காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். சென்ற முறை நீண்டு தயங்கிய இடத்தில் இம்முறை சில தட்டல்களோடு கடந்துவிட்டது.

கணு வந்துவிட்டது. நான்கு பெயர்கள். மூன்றாவது மீரா.

இரண்டு பிம்பங்களையும் ஒப்பிட்டேன். இரண்டிலும் படிக்க முடிந்த செக்டர்கள் அத்தனையும் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஒரு பைட்கூட மாறவில்லை. முதல் பிம்பத்தில் விடுபட்டவற்றை இரண்டாவதிலிருந்து எடுத்து நிரப்பினேன். இன்னும் படிக்க முடியாமல் எஞ்சியவற்றில் ஒன்று மட்டும் மீராவின் அட்டை ஒன்றுக்குள் இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

படக்குழாயின் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, பழைய தட்டு இருந்த இடத்தில் பலகையைப் பொருத்தினேன். உள்ளிருந்த 3.6 வோல்ட் லித்தியம் மின்கலத்தையும் எடுத்துவிட்டேன். அது கசிந்தால் தாய்ப்பலகையையே அரித்துவிடும். பிம்பக் கோப்பின் பெயரில் எச், டி எழுத்துகளுக்குப் பின் வரும் முதல் இலக்கம்தான் ஸ்கஸி முகவரி. கணினி தனக்கு 7-ஐ வைத்துக்கொள்ளும் என்பதால், உள்தட்டுக்கு வழக்கமான 0-வையே கொடுத்தேன்.

துவங்கியது. அவருடைய கோப்புறைகள், அவர் வைத்த இடத்திலேயே. மீராவைத் திறந்தேன். அந்த ஓர் அட்டையில் உரை பாதியில் நிற்கிறது. அண்டை இரவுகளின் அளவுகளைக் கொண்டு அங்கே என்ன எண் இருந்திருக்கும் என்று கணக்கிட்டு எழுதிவிட முடியும். ஆனால் நான் எழுத மாட்டேன். அவதானிக்காத எண் அவருடைய அட்டையில் இருக்கக் கூடாது.

ஜூன் 24, திங்கள்

சித்தப்பாவே பேசினார். குரல் மெலிந்திருக்கிறது. எந்த இரவு என்று மட்டும் கேட்டார். தேதியைச் சொன்னேன். காகிதக் குறிப்பேட்டில் பார்க்கச் சொல்லி, அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லத் தொடங்குவதற்குள் மருத்துவர் வந்துவிட்டதால் வைத்துவிட்டார். நாளை மறுபடி பேசுவார். அதற்குள் விடியலில் இன்னொரு முறை தட்டை ஓட்டி, அந்த ஒரு செக்டரை மட்டும் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.