இயக்குநர் பெயரை மறைத்துவிட்டுப் பாருங்கள்

ஒரு எபிசோட்டைப் பார்த்த கையோடு ‘டைரக்டரின் முத்திரை ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிறது’ என்று எழுதிவிடுகிறோம். சினிமா விமர்சனம் வாசித்துப் பழகியதால் வரும் பழக்கம் இது. அமெரிக்கத் தொடர்களில் இயக்குநர் பெரும்பாலும் வந்து போகும் விருந்தாளி. ‘த சொப்ரானோஸ்’ மொத்தம் 86 எபிசோட். அதை உருவாக்கிய டேவிட் சேஸ் இயக்கியது முதலாவதையும் கடைசியையும் மட்டும். ஆனாலும் அது அவருடைய தொடர்தான்.

கொழும்பில் இருப்பவருக்கு இதைப் படிக்க ஒரு வசதி உண்டு. ரிமோட்டை நாலு தரம் அமத்தினால் வெவ்வேறு தயாரிப்பு முறைகள் கண்முன் வந்துவிடும். சிங்களத் தொலைநாடகத்தில் தொடர் முழுவதற்கும் பொதுவாக ஒரே இயக்குநர். சென்னை மெகாத் தொடரில் கதை ஒருவர், வசனம் இன்னொருவர். ஆண்டுக்கணக்கில் ஓடும்போது இயக்குநரே நடுவில் மாறலாம். ‘மெட்டி ஒலி’யை (2002–2005) இயக்கி, அதிலேயே நடித்த திருமுருகனைப் போன்றவர்கள் குறைவு. ஆகவே ‘யாருடைய பாணி?’ என்ற கேள்விக்கு எல்லா நாட்டுத் தொடருக்கும் ஒரே விடை கிடையாது.

செய்யவேண்டியது இதுதான். ஒரே தொடரில் நான்கு எபிசோட் எடுங்கள். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என நான்கு பெயர்களையும் எக்செலில் போடுங்கள். ஒப்பிடும் இரண்டு எபிசோட்டுகளுக்கு இடையில் முடிந்தவரை ஒரு பெயர் மட்டும் மாறட்டும். ‘பிரேக்கிங் பேட்’ இதற்கு நல்ல களம்: 62 எபிசோட்டில் ரையன் ஜோன்சன் இயக்கியவை மூன்று. பொருளுக்குள்ளிருந்து மேலே எட்டிப் பார்க்கும் கமரா, மெக்சிகோ காட்சிகளின் மஞ்சள் நிறம் ஆகியவை அவர் இயக்காத எபிசோட்டுகளிலும் இருக்கின்றன. அவற்றை அவர் கணக்கில் எழுதக்கூடாது. அது வீட்டுப் பாணி, அதாவது யார் இயக்கினாலும் தொடருக்கே உரிய பாணி. வீட்டுப் பாணியைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அவருடையது. பல தடவை மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அடுத்தது எண்ணிக்கை. முன்கதைச் சுருக்கம், டைட்டில், விளம்பரம் மூன்றையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு ஷொட்டின் (ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைப்பட்ட துண்டின்) நீளத்தையும் அளவையும் (குளோசப், மிட், வைட்) குறியுங்கள். வி.எல்.சி. பிளேயரில் ‘E’ விசையை அமத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். சராசரியை மட்டும் நம்பாதீர்கள். 99 ஷொட் தலா 4 விநாடி, ஒன்று மட்டும் 240 விநாடி என்றால் சராசரி 6.36, இடைநிலை அளவு (நீளப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 4. ‘ட்ரூ டிடெக்டிவ்’ முதல் சீசனின் நான்காம் எபிசோட்டில் உள்ள ஆறு நிமிட ஒற்றை ஷொட் இப்படித்தான் கணக்கை வளைத்துவிடும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

வெட்டுகளைத் தானே கண்டுபிடிக்கும் பைசீன்டிடெக்ட் போன்ற மென்பொருள் நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் மெகாத் தொடரிடம் தோற்றுப்போகும். மாமியார் முகத்தில் மூன்று தரம் வெள்ளை மின்னல் அடித்தால் அதை வெட்டு என்று எண்ணிக்கொள்ளும். ஒரு காட்சி மெல்ல மற்றதில் கரைந்தால் தவறவிடும். முதல் ஐந்து நிமிடத்தைக் கையால் எண்ணி ஒப்பிட்டுப் பார்த்து, அதன்பின் உணர்திறன் எல்லையை மாற்றுங்கள். பைசீன்டிடெக்டின் detect-content முறையில் இயல்பு அளவு 27.

உண்மையான குழி பிரதியில்தான் இருக்கிறது. இலங்கையில் 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோதே பால் (PAL) ஒளிபரப்பு முறை, அதாவது விநாடிக்கு 25 ஃபிரேம். 24 ஃபிரேமில் எடுத்ததை அப்படியே 25இல் ஓடவிட்டால் 60 நிமிடம் 57.6 நிமிடமாகச் சுருங்கும். 5 விநாடி ஷொட் 4.8 ஆகும். பழைய டிவிடியை இணையப் பிரதியோடு ஒப்பிட்டு ‘வேகம் கூடியிருக்கிறது’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். ஃபிரேமின் வடிவமும் அப்படியே. ‘த வயர்’ (2002–2008) 4:3இல் ஒளிபரப்பானது. 2014இல் 16:9 ஆக்கினார்கள். அகலப் பிரதியில் ஓரத்தில் நிற்கும் ஆள் மூலப் பிரதியில் இல்லாமலே இருக்கலாம். யூடியூபில் யாரோ ஏற்றிய பிரதியோ இன்னும் மோசம்: பதிப்புரிமைப் பிடியில் சிக்காமலிருக்கப் படத்தை இடவலமாகத் திருப்புவார்கள், பெருப்பிப்பார்கள். பெயர்ப்பலகை எழுத்துகள் இடவலமாகத் திரும்பியிருக்கின்றனவா என்று பாருங்கள், பிடிபட்டுவிடும்.

எது தெரிவு, எது நெருக்கடி என்பது கடைசியாக வரும் சிக்கல். ‘பிரேக்கிங் பேட்’டின் ‘ஃப்ளை’ எபிசோட், பணத்தை மிச்சப்படுத்த ஒரே இடத்தில் அடைத்து எடுத்தது. ஆனால் ஈயின் உயரத்திலிருந்து பார்க்கும் கமராவைப் பட்ஜெட் கொடுக்கவில்லை. மெகாத் தொடரின் குளோசப் மழையையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்: ஒரு நாளில் எடுக்கவேண்டிய காட்சிகள் அதிகம், முகத்தை மட்டும் எடுத்தால் பின்னணிக்கு விளக்கு அமைக்கும் வேலை மிச்சம். அந்த நெருக்கடிக்குள்ளும் ஒருவர் வைட் ஷொட்டை எப்போது செலவழிக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கவனிக்கவேண்டியது அதைத்தான்.

பயிற்சிக்கு ‘மிஸ்டர் ரோபோ’ நல்லது. முதல் சீசனில் இயக்குநர்கள் பலர். இரண்டாம் சீசனிலிருந்து முழுவதையும் அதை உருவாக்கிய சாம் எஸ்மெயிலே இயக்கினார். முகத்தை ஃபிரேமின் கீழ்மூலையில் தள்ளி, மேலே வெற்றிடம் விடும் பழக்கம் இரண்டு சீசனிலும் உண்டு. முதல் எபிசோட்டின் ஒளிப்பதிவு டிம் ஐவ்ஸ். இரண்டாவதிலிருந்து டொட் கெம்பல். முதல் மூன்று எபிசோட்டில் அப்படியான ஷொட்டுகளை எண்ணி, பிறகு பெயர்களைப் பாருங்கள்.